இரண்டாவது பொட்டலம்

மலைத் தோட்டங்களில் புதிதாகச் சூப்பர்வைசர் ஆகியிருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நடுவயதில் சாட்சரதா என்கிற முதியோர் எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்து பழகிய எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

போன மழைக்காலத்தில் கல்லாறு கடைப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது உங்களில் ஒருத்தியைப் பார்த்தேன். பேர் வேண்டாம். பொன்முடிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. ஆட்களை மேல்காட்டுக்கு அனுப்பிவிட்டாயா என்று கேட்டேன். அவள் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னைக்கு மழைக்கு மஞ்சள் அலர்ட்தான் கங்காணியம்மா. ஆரஞ்சு வந்தாத்தான் நிறுத்தணும்."

சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். மலையை ஒருதரம் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஆட்கள் தலை நனையாமல் இறங்கி வந்திருப்பார்கள். ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நிறத்தைப் பார்த்து ஆளை அனுப்புவது எனக்குப் புதிதில்லை. போன் வருவதற்கு முன்னால் நாங்களும் நிறம் பார்த்துத்தான் ஆற்றில் இறங்கினோம்.

இப்போது உங்களைச் சூப்பர்வைசர் என்கிறார்கள், அப்போது கங்காணி என்பார்கள். எங்கள் தோட்டத்தில் பெண்ணாகப் பிறந்து கங்காணி ஆன முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தேயிலைக் கொழுந்து கிள்ளுவது எப்படி, எடை போடுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில் இருபது முப்பது பேர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது என்ன செய்வது.

எங்கள் தோட்டத்தில் பாதிக் காடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அக்கரைக்காடு என்போம். இப்போது அங்கே இரும்புப் பாலம் இருக்கிறது. அப்போது பாலம் இல்லை. ஆற்றில் பரவிக் கிடந்த கற்களில் கால்வைத்துக் கடக்க வேண்டும். வேனிலில் சின்னப் பிள்ளைகூடத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் அந்த ஆறு ஏமாற்றும். நமக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலை முடியில் எங்கேயோ கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் சுவர் மாதிரி வரும்.

இரண்டு கரையிலும் ஒவ்வொரு கல் நட்டிருந்தது. ஆற்று மாடன். சந்தேகமான நாளில் மாடனிடம் பூ கேட்காமல் யாரும் இறங்குவதில்லை. ஓரத்துச் செடியில் பூத்த வெள்ளைத் தேயிலைப் பூ ஒன்று, வேலியில் பூக்கிற சிவப்பு உண்ணிப்பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாகச் சேம்பிலையில் சுற்றி, நாரால் கட்டி, கல்லுக்கு முன்னால் கங்காணி வைப்பார். கூட்டத்தில் இளைய பெண் கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் இறங்கலாம். சிவப்பு வந்தால் நிற்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும். சாமி சொல்லாத பதிலை நாம் கிளறக் கூடாது என்பது வழக்கம்.

எல்லோரும் இதை நம்பினோம். எங்கள் கூட்டத்தில் ரோஸம்மா என்று ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. பூ கேட்கும்போது அவள் தள்ளி நின்று கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். என்ன பூ வந்தது என்று பார்க்க ஒரு கண் மட்டும் திறந்திருக்கும்.

நான் கிள்ளுகிற ஆளாக இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு பழைய கங்காணி இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுவருகிறவன் வழுக்கி விழுந்து வாளியைக் கொட்டிவிட்டான். அதனால் நாங்கள் வழக்கமாக உட்காரும் மரத்தடிக்குப் போகாமல் வரிசையிலேயே நின்றுவிட்டோம். அந்த நேரத்தில் அந்த மரத்தின் பெரிய கொம்பு ஒடிந்து, நாங்கள் உட்காருகிற இடத்திலேயே விழுந்தது. பெண்களெல்லாம் கும்பிட்டு அழுதார்கள். வாளியைக் கொட்டவைத்தது மாடன்தான் என்றார்கள். கங்காணி எல்லோரும் அழுது முடிக்கும்வரை நின்றார்.

"மாடனுக்குத் தேங்கா உடைங்க. நல்லதுதான்," என்றார். "நாளையில இருந்து பட்ட மரத்துக்கு அடியில உக்காராதீங்க."

அவ்வளவுதான் அவர் பேச்சு. தேங்காய்க்கும் அவரே முதலில் காசு கொடுத்தார், மரத்தையும் அவரே ஆள் வைத்து வெட்டினார்.

அவர் பொட்டலம் கட்டும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டார். ஒரு மழைநாளில் பூ கேட்டோம், சிவப்பு வந்தது. மற்ற பொட்டலத்தை ஆற்றில் விட்டார். நான் கீழே கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டலம் என் பக்கம் மிதந்து வந்து ஒரு கல்லில் மோதி, நார் அவிழ்ந்து, இலை விரிந்தது. உள்ளே இருந்ததும் சிவப்பு.

சாயங்காலம்வரை யாரிடமும் சொல்லவில்லை. எடை போட்டு எல்லோரும் போன பிறகு அவரிடம் போய் நின்றேன்.

"கங்காணி, ரெண்டுலயும் சிவப்பா இருந்துச்சே."

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாத்துட்டியா? யாருகிட்டயும் சொல்லாத. நான் தண்ணியப் பாத்துட்டுத்தான் பூ கட்டுதேன். வேண்டாம்னு நான் சொன்னா இவளுக நிப்பாளுகளா? ஆபீஸ்ல விடுவாவளா? மாடன் வேண்டாம்னா எல்லாரும் வாய மூடிக்கிடுவாவ."

"மாடன ஏமாத்துற மாதிரி இல்லியா?"

"வேற வேற நிறம் கட்டுனா, ஏதாவது ஆச்சுன்னா மாடன் தலையில போட்டுட்டு நான் போயிருவேன். ஒரே நிறம் கட்டுனா அது என் தலையிலதான் கெடக்கும். இதுல யாரு யார ஏமாத்துதா, நீயே சொல்லு."

பிறகு நான் கங்காணி ஆனபோதும் அப்படியே செய்தேன். தண்ணீரைப் பார்ப்பேன், முடியைப் பார்ப்பேன், மனதுக்குள் முடிவெடுப்பேன், ஒரே நிறத்தில் இரண்டு பொட்டலம் கட்டுவேன். பல மழை அப்படிப் போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கங்காணியக்காவுக்கு மாடன் துணை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் நான் அந்தப் பழைய கங்காணியிடம் கேட்கத் தவறிவிட்டேன். தண்ணீரையும் முடியையும் பார்த்த பிறகும் முடிவு தெரியாவிட்டால் எந்த நிறம் கட்டுவது?

அது ஐப்பசி மாதம். ஐப்பசியில் பெய்கிற துலா மழை காலையில் வராது, மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அன்று காலை வானம் சுத்தமாக இருந்தது, ஆற்றில் கணுக்கால் தண்ணீர். பூ கேட்கவே இல்லை. எல்லோரும் அக்கரைக்குப் போனோம்.

கூட்டத்தில் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பால்குடிக்கிற பெண்குழந்தை. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற கொட்டகைக்குப் பிள்ளை மடுவம் என்று பேர். அங்கே ஆயாவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். காலையில் உடம்பு லேசாகச் சுட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மத்தியானம் தேத்தண்ணி வந்தபோது ஆயாவின் சேதியும் வந்தது: சூடு கூடியிருக்கிறது, ஈரத்துணி போட்டிருக்கிறேன்.

நான் பேச்சியைப் போகச் சொன்னேன். இந்த வரிசையை முடித்துவிட்டுப் போகிறேன் அக்கா என்றாள். நானும் சரி என்றேன். அவளாகவேதான் நின்றாள் என்ற இந்த ஒன்றை நான் அவளுக்கு ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது எழுதுவதற்கும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வரிசை முடிவதற்குள் முடியில் இருட்டு இறங்கியது. எங்கள் தலைக்கு மேல் வெயில் அப்படியே இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இடி உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொழுந்து மூட்டைகளோடு எல்லோரையும் ஆற்றங்கரைக்கு இறக்கினேன்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. கலங்கவில்லை. கால்வைக்கிற கற்களெல்லாம் தலையைக் காட்டிக்கொண்டிருந்தன. பாறை இடுக்கில் நுரை கொஞ்சம் கூடியிருந்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் காலையிலும் அப்படித்தான் இருந்தது போலவும் இருந்தது. மேலே பார்த்தால் வேண்டாம் என்று தோன்றியது. கீழே பார்த்தால் போய்விடலாம் என்று தோன்றியது.

எதிர்க்கரையில் ஜீப் வந்து நின்றிருந்தது. கொழுந்து ஏற்ற வந்த பீல்டு சார், எங்களுக்கு மேலதிகாரி, மலையாளி, வண்டியிலிருந்து இறங்கிக் கையை ஆட்டினார்.

"கங்காணியே, ஒண்ணுமில்லல்லோ! வேகம் வாங்க, வண்டி நிக்குது!"

அவர் நின்ற இடத்திலிருந்து முடி தெரியாது, மரம் மறைக்கும். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டாள். ரோஸம்மாதான் சொன்னாள், "அக்கா, ஒரு வார்த்த பூ கேட்டிரலாம்."

நான் செடி மறைவுக்குப் போனேன். வெள்ளைப் பூக்களும் இருந்தன, சிவப்புப் பூக்களும் இருந்தன. சேம்பிலையைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு வெள்ளை எடுத்தேன், ஒன்றைக் கீழே போட்டேன். சிவப்பு எடுத்தேன். ஆற்றின் நடுவில் நாங்கள் எல்லோரும் நிற்கும்போது வெள்ளம் வருகிற மாதிரி ஒரு தரம் தெரிந்தது. மடுவத்தில் அந்தக் குழந்தை வாயைத் திறந்து அழுகிற மாதிரி ஒரு தரம் தெரிந்தது. வெளியே பேச்சி, "அக்கா, சீக்கிரம்" என்றாள். அப்போது என் கை முதல்முறையாக ஒரு வெள்ளையையும் ஒரு சிவப்பையும் கட்டியது. எனக்குத் தெரியவில்லை, நீயே சொல்லு என்று மாடனிடம் நிஜமாகவே விட்டேன்.

கல்லுக்கு முன்னால் இரண்டையும் வைத்தேன். கூட்டத்தில் இளையவள் கனகா. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். பேச்சி முதல் கல்லில் காலை வைத்துவிட்டாள். எனக்கு மட்டும் சாமி சொன்னதைக் கேட்ட நிம்மதி ஒரு துளியும் இல்லை. கனகாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு விரல் இந்தப் பக்கம் வந்திருந்தால்?

"பேச்சி, நில்லு," என்றேன்.

கல்லுக்கு முன்னால் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து எல்லோருக்கும் முன்னால் பிரித்தேன். யாருக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. பதறிக்கொண்டு வாயைத் திறந்தவள் ரோஸம்மா.

"அக்கா, அதப் பிரிக்கக் கூடாதுல்லா!"

சிவப்புப் பூவைக் கையில் வைத்துக் காட்டினேன். "இதுவும் இங்கதான் இருந்துச்சு. இவ கை இந்தப் பக்கம் வந்திருந்தா இதுதான் வந்திருக்கும். யாரும் இறங்க வேண்டாம்."

"மாடன் போன்னு சொல்லியாச்சே," என்றாள் கனகா.

"மாடனுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

பேச்சி கல்லிலிருந்து காலை எடுக்கவில்லை. சத்தம் போடாமல் பேசினாள். "நான் ஒருத்தி போறேன் அக்கா. வேற யாரும் வர வேண்டாம்."

"நீயும்தான் போகக் கூடாது."

"என் புள்ள உங்க புள்ள இல்லல்லா. அதான் உங்களுக்கு இப்படி நிக்க முடியுது."

எனக்குப் பிள்ளை இல்லை. அது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவளை இழுத்து ரோஸம்மா கையில் கொடுத்துவிட்டு, முதல் கல்லின் மேல் நானே உட்கார்ந்துகொண்டேன். போகிறவள் என்னைத் தாண்டிப் போக வேண்டும்.

எதிர்க்கரையில் பீல்டு சாருக்குக் கோபம். கையை விரித்து என்னென்னவோ சொன்னார். ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடிவந்து அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் எங்களைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். வண்டியில் ஏறினார். ஜீப் திரும்பி, வந்த வேகத்தில் போய்விட்டது.

பேச்சி அதைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "என் புள்ளைக்குத்தான் என்னமோ" என்று சொல்லிக்கொண்டு பாய்ந்தாள். ரோஸம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிடிக்க முடிந்தது. பிறகு அவள் மண்ணில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தண்ணீர் வரவில்லை.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இந்த நேரத்தைத்தான். முடிவெடுக்கிறது ஒரு நொடி. எடுத்த பிறகு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது இருக்கிறதே, அதற்கு யாரும் பழக்கித் தர முடியாது. தண்ணீர் அதே முழங்கால் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. கற்கள் அப்படியே தலையைக் காட்டிக்கொண்டிருந்தன. வெயில்கூட அடித்தது. எல்லோரும் போய் மூட்டையை இறக்கிவிட்டு, திரும்பவும் வந்திருக்கலாம் அத்தனை நேரத்தில். அதை எல்லோரும் நினைத்தார்கள். கனகா வாய்விட்டே சொன்னாள். சின்னப் பெண், தப்பில்லை. எழுந்து வழிவிட்டுவிடலாமா என்று எனக்கே தோன்றியது. எழுந்த அந்த நேரத்தில் வந்துவிட்டால் என்றும் தோன்றியது. ஒரு கட்டத்தில், வந்தால் வந்து தொலையட்டுமே என்று ஆற்றைப் பார்த்து நினைத்தேன். வெள்ளம் வந்தால் நான் சொன்னது சரி என்றாகிவிடுமே என்று. நினைத்த உடனே எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நினைத்தேன்.

பிறகு வந்தது. முதலில் பச்சை மண் வாசம். அப்புறம் மேலே கல் உருளுகிற சத்தம். நான் எழுந்து மேட்டுக்கு ஓடினேன். நான் உட்கார்ந்திருந்த கல் இருந்த இடம் தெரியவில்லை. முழு மரம் வேரோடு சுழன்றுகொண்டு போயிற்று. பெண்கள் கும்பிட்டுக் கத்தினார்கள். ஒருத்தி என் காலில் விழ வந்தாள், நான் தள்ளிப் போய்விட்டேன். பேச்சி எழுந்திருக்கவே இல்லை.

"தண்ணி இப்பத்தான அக்கா வந்துச்சு," என்றாள்.

நான் குனிந்து அவளுடைய மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அக்கரையிலிருந்து சுற்றிப் போக முகட்டுவழி ஒன்று உண்டு, ரொம்பத் தூரம், ஆறு அடைத்தால்தான் அதில் போவோம். அட்டைக்கடியோடு ஏறி, ரோட்டைப் பிடித்து, ரோட்டுப் பாலத்தில் ஆற்றைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி லயத்துக்கு வர வேண்டும். மூட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு நடந்தோம். பேச்சி முன்னால் போனாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். வழி முழுக்க அவள் திரும்பவில்லை. நான் அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். போய்ச் சேரும்போது அந்தக் குழந்தை இல்லையென்றால் நான் எந்த முகத்தோடு அந்த லயத்தில் இருப்பேன் என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாடனை வேண்டவும் எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொன்னவனிடம் போக மாட்டேன் என்று சொல்லியாயிற்று. இனி எந்த வாயால் கேட்பது?

நேரே மடுவத்துக்குப் போனோம். கதவு திறந்து கிடந்தது. மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேச்சி மகளின் தொட்டில் சேலை மட்டும் காலியாகத் தொங்கியது. ஆயா இல்லை. பேச்சி அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து லயத்துப் பெண்தான் சொன்னாள்: குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது, ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது எப்படி இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை.

கடைசி பஸ் போயிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில் இறங்கி நடந்தோம். பொன்முடி பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒரு குடும்பம், எங்களைக் கண்டு காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டது. யார் என்று தெரியாது. பேர் கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆயா தலைமுடி அவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் ஊசி குத்திக் கட்டியிருந்தார்கள். மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. பேச்சி குழந்தையை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து வராந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதும் லயத்தில் ஆளுக்கொரு கணக்குப் போட ஆரம்பித்தார்கள். நாங்கள் ஆற்றைக் கடந்திருந்தால் ஜீப் கொழுந்தை ஏற்றிக்கொண்டு பாக்டரிக்குப் போயிருக்கும், குழந்தைக்கு வண்டி கிடைத்திருக்காது, அதனால் எங்களை அக்கரையில் நிறுத்தியது மாடன்தான் என்றாள் கனகா. மாடன் போகத்தானே சொன்னார் என்று கேட்டதற்கு, சொன்னது வேறு, நினைத்தது வேறு என்றாள். கர்த்தர்தான் கங்காணி மனசைத் தொட்டார் என்றாள் ரோஸம்மா. பீல்டு சார் தலையை ஆட்டிக்கொண்டு, "பாக்கியம்! வேற ஒண்ணுமில்ல கேட்டோ, வெறும் பாக்கியம்," என்றார். என்னையும் கேட்டார்கள். குழந்தை பிழைத்தது, எனக்கு அது போதும் என்றேன். அது பொய்யில்லை. முழுசும் இல்லை. குழந்தை போயிருந்தால் இதே மூன்று பேரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எடுத்த முடிவு மட்டும் அதேதான்.

பேச்சி எந்தக் கணக்கும் போடவில்லை. வேலைக்கு வந்தாள், சொன்ன வரிசையில் நின்றாள். என்னோடு பேசவில்லை. ஒரு மழை போய் அடுத்த மழை வந்தும் பேசவில்லை. நானும் அவளைப் பேசவைக்கப் பார்க்கவில்லை. என் பிள்ளை வலிப்பில் துடித்தபோது நான் இல்லை என்று ஒருத்தி நினைத்தால், தண்ணீர் வந்ததே என்று அவளிடம் போய்ச் சொல்ல முடியாது. அன்று நான் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மறுபடி அந்தக் கரையில் நின்றாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் சரி என்று மார்தட்டிக்கொள்ளவும் எனக்கு வராது. பூ பொய் சொல்லவில்லை. போயிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம்.

பல வருஷம் கழித்து நான் வேலையை விடுகிற சமயம், எனக்கு அடுத்து யார் என்று ஆபீஸில் கேட்டார்கள். பேச்சி என்று சொன்னேன். அன்று சாயங்காலம் அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த ரெண்டாவது பொட்டலத்த ஏன் பிரிச்சீங்க?"

பழைய கங்காணி விஷயம் முதல் கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனையோ நாள் ஒரே நிறம் கட்டியதையும், அன்றைக்கு மட்டும் தெரியாமல் இரண்டு நிறம் கட்டியதையும் சொன்னேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு வந்த வெள்ளை மட்டும்தான் நெசமாவே மாடன் சொன்னது."

"இருக்கலாம். இல்ல, கனகா கை போன போக்கா இருக்கலாம். எனக்குத் தெரியல பேச்சி."

"தெரியாமத்தான் என்ன உக்கார வச்சீங்களா?"

"தெரிஞ்சிருந்தா உன்ன உக்கார வைக்க எனக்கு என்ன கஷ்டம்? தெரியாததுனாலதான் அந்தக் கல்லு மேல நானும் உக்காந்தேன்."

அவள் குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கப்பு கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உங்களுக்கு இப்போது பாலம் இருக்கிறது, போன் இருக்கிறது. போனில் வருகிற நிறத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்தவர்கள் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள், எத்தனையோ பேரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்வது பெரிய நாட்டுக்கு. உங்கள் ஆற்றின் கரையில் நிற்பது நீங்கள். நிறத்தைப் பார்த்த பிறகு ஒருதரம் தலையைத் தூக்கி முடியைப் பாருங்கள். சாமி காப்பாற்றும் என்று நம்புங்கள், நானும் நம்புகிறேன், இன்றைக்கும் விளக்குப் போடுகிறேன். நல்ல நேரம் இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் உண்மைதான், எனக்கே எத்தனை தரம் தப்பியிருக்கிறது. இரண்டும் உங்களுக்கு மேலே நடக்கிற காரியம். போகலாமா வேண்டாமா என்று சொல்வது உங்கள் வாய்.

பேச்சி கங்காணி ஆன முதல் துலா மழையில், கொழுந்துக் கூடை ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு நான் ஆற்றங்கரைக்குப் போனேன். காலையிலேயே முடி மேகத்தில் மறைந்திருந்தது. தண்ணீர் முன்போலத்தான், கூடியதா இல்லையா என்று சொல்ல முடியாமல் ஓடியது. பெண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். பேச்சி செடி மறைவுக்குப் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். கல்லுக்கு முன்னால் வைத்தாள். இளைய பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

பேச்சி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு பொட்டலத்தையும் அவளே எடுத்து, எல்லோருக்கும் முன்னால் பிரித்தாள். இரண்டிலும் சிவப்பு.

"ரெண்டும் நான் கட்டுனதுதான்," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்குப் போக வேண்டாம்."

ரோஸம்மா ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள் இரண்டு கண்ணையும் திறந்தாள். பேச்சி அந்த இரண்டு சிவப்புப் பூவையும் மாடன் கல்லின் மேல் வைத்துக் கும்பிட்டாள். பிறகு மேட்டில் ஏறி, லயத்துப் பக்கம் நடந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் போனார்கள்.

நான் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று ஒருத்தியும் அவளைக் கேட்கவில்லை.